வேரோடு வந்த மண்

அவர் கேட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை ஸலாம் சொல்வார். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவார்.

ஒரு நாள் நான் வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்ததில் சத்தம் கேட்கவில்லை. பாலமுனையிலிருந்து மடியில் ஒரு உரப்பை நிறைய வயல் மண்ணை வைத்துக்கொண்டு பஸ்ஸில் கல்முனைக்குடிக்கு வந்த மனுசி, அதே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கிறார். எதிர்வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே போன் எடுத்தேன்.

"ஏன் சாச்சி, கேட் துறந்துதானே கிடந்திச்சு? உள்ளுக்கு வந்திருக்கலாமே."

"துறந்து கிடந்தா வா எண்டு அர்த்தமா புள்ள? நீ சொல்லல்லியே."

அதற்கு இரண்டு மாதம் முன்பு வரை அந்தக் கேட் அவருடையது. முப்பது வருடங்களுக்கு மேல் அந்த வீட்டில் இருந்தவர் அவர்.

சாச்சி என்று கூப்பிட்டேனே தவிர அவர் எனக்கு எந்த உறவும் இல்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா எனக்காகத் தேடித் தேடி, கடல் பக்கத்து ஒழுங்கையில் இந்த வீட்டை வாங்கினார். விற்றவர் இந்தச் சாச்சி. கணவர் மௌத்தாகிப் பல வருடம். பெண்பிள்ளை இல்லை. ஒரே மகன், கத்தாரில் குடும்பத்தோடு இருந்தான். "மகன் விக்கச் சொன்னான், நான் வித்தன். கையெழுத்து வச்சது நான்தான்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. பாலமுனையில் தம்பி மனைவியின் வளவுக்குள் பின்பக்கமாக ஒரு அறை கிடைத்தது. அங்கே போய்விட்டார்.

நொத்தாரிசிடம் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று நானும் போயிருந்தேன். தென்னை ஆறு, மா ஒன்று, கிணறு ஒன்று என்று நொத்தாரிசு வாசித்துக்கொண்டு போனார். முடிந்ததும் சாச்சி கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளை தூக்குவது போல.

"மல்லிகைக் கொடி அதுல இல்ல. அது என்ட. நான் எடுத்துக்குப் போவன்."

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கொடிதானே, இண்டைக்கே எடுங்க" என்றார்.

"இப்ப ஏலா. கச்சான் காத்து வீசுற வெயில் நாளையில வேரத் தொட்டா செத்துப்போகும். மாரி மழை ரெண்டு விழட்டும். அதுக்கு முதல் அதுக்குக் கொஞ்சம் வேலையும் இரிக்கி. வந்து வந்து போகோணும். நீங்க சம்மதமா?"

"சம்மதம்."

நொத்தாரிசு அதையும் ஒரு வரி எழுதிவிடவா என்று கேட்டார். சாச்சி வேண்டாம் என்றார். "அவரு வாயால சொல்லிட்டாரு. எனக்கு அது காணும்."

அப்படித்தான் அவர் வரத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள். முதல் நாள் மாலை போன் எடுத்து "நாளைக்கு வரலாமா?" என்று கேட்பார். நான் ஓம் என்ற பிறகுதான் வருவார்.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றது. அடித்தண்டு என் மணிக்கட்டைவிடத் தடிப்பு. இரும்புக் குழாய்ப் பந்தலில் ஏறி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலும் பாதியை மூடியிருந்தது. அவ்வளவு முற்றிய கொடியை இடம் மாற்றலாம் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கிளையை வெட்டி நட்டால் வந்துவிடாதா என்று கேட்டேன்.

"வரும். அது வேற கொடி" என்றார்.

எங்கள் பக்கம் கடல் மண். கையில் அள்ளினால் விரல் இடுக்கால் போய்விடும். கொடியைத் தூக்கும்போது மணல் உதிர்ந்து வேர் அம்மணமாகிவிடும், அம்மணமான வேர் பிழைக்காது என்பதுதான் அவருடைய கவலை. அதனால்தான் வயல் மண். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அரை வட்டமாகக் கிடங்கு வெட்டினார். குறுக்கே வந்த வேர்களைக் கத்தியால் நறுக்கினார். அந்தக் கிடங்கில் வயல் களிமண்ணும் சாம்பலும் மக்கிய இலையும் போட்டு மூடினார். வெட்டிய இடத்திலிருந்து புது வேர் விடும், அது களியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு கட்டியாகத் தூக்கலாம். ஒரு மாதம் கழித்து மற்ற அரை வட்டம். ஒரே நாளில் சுற்றி வெட்டினால் கொடி பயந்துபோகும் என்பார்.

தோண்டும் இரும்பு அலவாங்கைப் பத்திரிகையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றானாம். "அது என்ட பிள்ளை மாதிரி, மடியில வச்சிக்கிறன்" என்று சொல்லி ஏறினாராம். என்னிடம் அலவாங்கு இருந்தது. அதைத் தொடமாட்டார்.

எதைத் தொட்டாலும் கேட்பதுதான் அவர். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினால், வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "புள்ள, ஒரு வாளி அள்ளிட்டன், ஹலாலாக்கு" என்பார். மனதோடு விட்டுக்கொடு, மறுமையில் கணக்குக் கேட்காதே என்பதுதான் அது. நான் சிரித்துக்கொண்டு "ஹலால் சாச்சி" என்பேன். இரண்டாவது வாளிக்கும் கேட்பார். பூவைப் பறித்துக்கொண்டு போங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் பறித்தார். கீழே உதிர்ந்து கிடந்ததைக்கூட அதுவரை பொறுக்கவில்லை.

உம்மாவிடம் இதைச் சொன்னபோது உம்மா அவரைப் பற்றிய ஒரு கதை சொன்னா. அவருடைய கணவரின் மையத்து வீட்டில் நடந்தது. உடலை அடக்க எடுப்பதற்கு முன்பு, மௌத்தானவர் யாருக்காவது ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று வழமைபோலக் கேட்டார்கள். எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். கூட்டத்தில் ஒரு மனிதர் விளையாட்டாக, "என்ன ஒருக்கா கழுத எண்டு ஏசினவரு, அதையும் மன்னிச்சன்" என்றிருக்கிறார். சில பேர் சிரித்துவிட்டார்கள். உள்ளே திரைக்குப் பின்னால் இருந்த இவர், சிரித்துச் சொன்னது செல்லாது, மனதோடு சொல்லச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினாராம். அந்த மனிதர் மறுபடி சொன்னார். போதாது என்று இரண்டாம் தடவையும் ஆள் வந்ததாம். கடைசியில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண் கலங்கிச் சொன்ன பிறகுதான் மையத்தை எடுத்தார்களாம்.

"ஒரு மாதிரிப் பொம்புள" என்று உம்மா முடித்தா.

எனக்கு அந்த ஒரு மாதிரி பிடித்திருந்தது. ஏழு பேர் உள்ள வீட்டிலிருந்து தனியாக ஒரு வீட்டுக்கு வந்தவள் நான். கணவர் பஸாரில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. காலையில் போனால் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். பகல் முழுக்கக் கடல் இரைச்சலும் நானும்தான். சாச்சி வரும் நாளில் வாசற்படியில் உட்கார்ந்து அவரோடு கதைப்பேன். அவர் தோண்டிக்கொண்டே பதில் சொல்வார்.

ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியது. பருவத்துக்கு முந்திய மழை. அவர் கொடிப் பந்தலுக்குக் கீழே போய் நின்றார். பந்தல் ஒழுகியது.

"உள்ளுக்கு வாங்க சாச்சி. நனையிறீங்க."

"இரிக்கட்டும் புள்ள."

"நான்தானே கூப்பிடுறன்? சொல்லாம வாறீங்களா?"

அபாயாவிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தார். "நீ கூப்பிடுற. எனக்குத் தெரியும். இது வித்த வீடு, மகள். உள்ளுக்கு வந்தா என்ட கண் தேடும்."

"என்னத்த?"

"அலுமாரி இருந்த இடத்த."

நான் குடையை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த நாட்களில் எனக்கு வயிற்றில் பிள்ளை இருந்தது. உம்மாவுக்குச் சொல்வதற்கு முன்பே சாச்சிக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் எருவுக்கு மீன் தலைகளை அவர் கிடங்கில் போட்டபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். தன் பையிலிருந்து பழைய துணி எடுத்து, மீன் தலைகளை அதில் முடிந்து, ஆழத்தில் வைத்து மூடினார். "இனி மணக்காது. பூனையும் கிளறாது" என்றார். பிறகு, கைகளைக் கழுவிக்கொண்டு, மெல்லிய குரலில், "மாஷா அல்லாஹ்" என்றார்.

அன்றுதான் தண்டில் ஒரு சிவப்பு நூலையும் கட்டினார், கடல் பக்கமாக முடிச்சு வரும்படி. புது இடத்தில் நடும்போது அதே பக்கம் அதே திசையைப் பார்க்க வேண்டுமாம். வருடக்கணக்காக வெயில் பட்ட பக்கம் ஒன்று, நிழல் பட்ட பக்கம் ஒன்று. மாற்றி வைத்தால் தண்டு வெந்துபோகும் என்று விளக்கினார். எனக்கு நன்றாகவே விளங்கியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாம் எனக்கு விளக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். இப்படி முதல் தடவையில் நடப்பதுண்டு, யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து படுத்தேன். உம்மா வந்து என்னோடு தங்கினா.

மறுநாள் உம்மா கிணற்றடிக்குப் போனவ, வேகமாகத் திரும்பி வந்தா.

"அந்த மல்லிகையில நூல் கட்டினது ஆரு?"

"சாச்சி. அது திசைக்கு உம்மா."

"திசைக்கா? சிவத்த நூலா? முடிச்சுப் போட்டா?" உம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "வீட்ட வித்தவளுக்கு இஞ்ச என்ன வேலை? வந்து வந்து என்னத்த தோண்டுறாள்? என்னத்த பொதைக்கிறாள்?" குர்ஆனில் நாலு குல் ஓதி என் தலையில் ஊதினா. ஊதும்போது உம்மா அழுதா.

கணவர் கடையிலிருந்து பகலிலேயே வந்தார். அவர் இதையெல்லாம் நம்புகிறவர் அல்ல. அறை வாசலில் நின்று என்னைத்தான் கேட்டார். "உன்ட உம்மா தோண்டிப் பார்க்கச் சொல்றா. நீ என்ன சொல்ற?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். களி மண்ணும் தெரியும், மீன் தலையும் தெரியும், நூலும் தெரியும். ஆனால் அந்த நேரம், யாராவது இதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. யாருடைய பிழையும் இல்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

"தோண்டுங்க" என்றேன்.

மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இரண்டு அரை வட்டங்களையும் முழங்கால் ஆழத்துக்குத் திறந்தார்கள். துணி முடிச்சு கிடைத்தபோது உம்மா கத்தினா. அவிழ்த்தால் மீன் எலும்புதான். ஆனாலும் உம்மா அதைக் கடலில் கொண்டுபோய்ப் போடச் சொன்னா. நூலை அறுத்தார்கள். களியில் வெள்ளை வெள்ளையாகப் புது வேர்கள் மயிர் போல வந்திருந்ததாகக் கணவர் பிறகு சொன்னார். மண்வெட்டியோடு அவையும் போய்விட்டன. மண்ணை ஏனோதானோ என்று தள்ளி மூடிவிட்டார்கள்.

பத்து நாளில் மாரி தொடங்கியது. சாச்சி போன் எடுத்தார். "மழை விழுந்திட்டு. நாளைக்கு வந்து கொடிய எடுக்கவா?"

ஓம் என்றேன். தோண்டியதைச் சொல்லவில்லை.

அவர் வந்தபோது நான் அறையில் இருந்தேன். வெளியே போகக் கூடாது என்று உம்மாவின் கட்டளை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஜன்னல் சீலையின் இடுக்கால் பார்த்தேன். கிணற்றடிக்குப் போனார். நின்றார். நூல் இல்லாத தண்டைப் பார்த்தார், கலைந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி களியை எடுத்து உதிர்த்தார். அதில் அறுந்த வேர்கள் இருந்திருக்க வேண்டும். நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா கதவடியில் நின்றா. சாச்சி உம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு வேலையைத் தொடங்கினார். கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். வெட்டிய கொடிகளைப் பந்தலிலிருந்து இழுத்து ஓரமாகக் குவித்தார். சுற்றி வெட்டி, அலவாங்கை அடியில் கொடுத்து நெம்பினார். தூக்கியபோது மணல் பொலபொலவென்று கொட்டியது. அவர் பயந்தது போலவே வேர் வெறுமையாகத் தொங்கியது. ஈரச் சாக்கில் வேகமாகச் சுற்றினார். உதவிக்கு ஒருவரும் இல்லை. வெளியே ஓட்டோக்காரர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முன் ஜன்னலடிக்கு வந்தார். சீலைக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"எதிர்வீட்டில சொன்னாங்க. உடம்பு எப்பிடி புள்ள?"

"இப்ப சுகம் சாச்சி."

"அல்லாஹ் வேற தருவான்." சாக்குக் கட்டைக் காட்டினார். "வேரோட உன்ட மண் கொஞ்சம் வருது. ஹலாலாக்கு."

"ஹலால்" என்றேன்.

அன்று பின்னேரம் அதே ஓட்டோவில் திரும்பி வந்தார். நான்கு பை மண் இறக்கி, கொடி நின்ற பள்ளத்தை நிரப்பி, காலால் மிதித்து, தரையோடு தரையாக்கிவிட்டுப் போனார். உம்மா கதவைச் சாத்தி வைத்திருந்தா.

மூன்று மாதம் நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. வயல்களில் நெல் குடலையாகிக் கதிர் விடக் காத்து நின்ற ஒரு நாள், நிந்தவூரில் கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் பாலமுனையில் இறங்கினேன்.

என்னைக் கண்டதும் "வா புள்ள" என்று கதிரை எடுத்துப் போட்டார். அறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மதிலோரம் சாக்கால் நிழல் கட்டி, அதன் கீழ் கொடி நின்றது. வெறுந்தண்டுதான், ஒரு இலை இல்லை. தண்டில் நகத்தால் சுரண்டிக் காட்டினார். பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைக் கோடு.

"உசிர் இரிக்கி. இலைதான் வரல்ல."

"சாச்சி, அந்தக் கிடங்கத் தோண்டினது எங்கட ஆக்கள்தான்."

"தெரியும் புள்ள. உன்ட உம்மா. பிள்ள போன வீடு, அப்பிடித்தான் நினைப்பாங்க."

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "உம்மா இல்ல சாச்சி. என்னக் கேட்டாங்க. நான்தான் தோண்டச் சொன்னன்."

அவருடைய கை தண்டிலேயே நின்றது. "நீயா?"

"ஓம்."

"நீ அப்பிடி நினைச்சியா? நான் உனக்குச் செய்வினை செய்வன் எண்டு?"

"அண்டைக்கு நினைச்சன்."

அவர் எழுந்து போய் வாளியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் அழத் தொடங்கினேன். என்னை ஹலாலாக்குங்கள் என்று கேட்டேன்.

"இப்ப ஏலா புள்ள" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "வாயால சொல்லிப்போடலாம். சொல்லிட்டு உள்ளுக்கு வச்சிரிந்தா அது உனக்கும் கூடாது, எனக்கும் கூடாது. எனக்குக் கொஞ்ச நாள் தா."

பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பஸ் வரும் வரை என்னோடு றோட்டில் நின்றார். வெயில் என் முகத்தில் படாமல் இருக்க, குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார்.

அதன் பிறகு நான் தினமும் போனைப் பார்த்தேன். போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. கச்சான் தொடங்கிய நாளில், சோறு அடுப்பில் இருந்தபோது, அவருடைய நம்பர் வந்தது.

"புள்ள, கொடி போயிட்டு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நேத்து சுரண்டிப் பார்த்தன். உள்ளுக்கும் காஞ்சிட்டு. விடியப்புறம் புடுங்கிட்டன்."

"சாச்சி..."

"கேளு. அது நிக்கிற மட்டும், பார்க்கிற நேரமெல்லாம் உன்ட நினைப்பு வரும். கோவமும் வரும். இண்டைக்குப் புடுங்கிப்போட்டு, கோவம் வருதா எண்டு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தன். வரல்ல. அதுதான் போன் எடுத்தன். ஹலாலாக்கிட்டன். மனசோடதான். மறுமையில உன்னட்ட ஒண்டும் கேக்க மாட்டன்."

"நான் ஒரு நாளைக்கு அங்க வரவா சாச்சி?"

"என்னத்துக்கு புள்ள?" என்று கேட்டார்.

வராதே என்ற கேள்வி அல்ல அது. இனி நான் அங்கே வருவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. கொடி முடிந்தது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, சுகமா இரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உங்களைப் பார்க்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றியபோது சோறு அடிப்பிடித்து வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.